அரிவாள் போல் வளைந்த ஆகாய விசிறி

கதிர் அறுக்கும் அரிவாளைப் பார்த்திராதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இரண்டு அரிவாள்களை எடுத்து, ஒன்றின் முனை வலப்புறமும் மற்றொன்றின் முனை இடப்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியோடு பிடி சேர்த்து வையுங்கள். அந்த உருவத்தில் மரத்தால் ஒரு விசிறி செதுக்கி, அதை ஒரு சின்னஞ்சிறு விமானத்தின் மூக்கில் மாட்டி ஆகாயத்தில் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விமானமும் தொழிற்சாலையில் செய்ததல்ல. வீட்டுக் கொட்டகையில், மோட்டார் காரை நிறுத்தும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செய்து முடித்தது!

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் அங்கே ஒரு திருவிழா நடக்கிறது. நமது ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவது போல, ஜனங்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஆஷ்காஷிலும் சுற்று வட்டாரத்திலும் வந்திறங்கும் விமானங்கள் பத்தாயிரத்துக்குக் குறைவதில்லை. பால் போபெரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கி நகரில் சில நண்பர்களைக் கூட்டி ஆரம்பித்த சங்கம் நடத்தும் விழா இது. 1970 முதல் ஆஷ்காஷில் நடந்து வருகிறது. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் வீட்டு விமானங்களின் நடுவே நடந்து போனால், நேரான விசிறிகளுக்கிடையே இந்த அரிவாள் விசிறிகளும் கண்ணில் படும். "ஏன் ஐயா வளைத்தீர்?" என்று கேட்டால் ஒருவர் வேகம் என்பார், ஒருவர் சத்தம் குறையும் என்பார், மூன்றாமவர் "பார்க்க அழகாக இருக்கிறதே!" என்பார். மூன்றாமவர் சொல்வதில் பொய் இல்லை. மற்ற இருவர் சொல்வதில் எவ்வளவு உண்மை? அதைத்தான் சற்று விசாரிக்க வேண்டும்.

விசிறியும் இறக்கைதான்

புரொப்பெல்லர் என்கிற இந்த விசிறி என்ன வேலை செய்கிறது? திருகாணி மரத்துக்குள் இறங்குவது போல அது காற்றுக்குள் திருகிக்கொண்டு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. வீட்டு மின்விசிறியில் சுழல்கிற தகட்டை நம் ஜனங்கள் 'இறக்கை' என்று சொல்கிறார்கள் அல்லவா? விஞ்ஞானப்படி அதுதான் மிகச் சரியான பெயர். விமானத்தின் இறக்கை முன்னே போவதால் மேலே தூக்கப்படுகிறது. விசிறியின் இறக்கை வட்டமாகப் போவதால் முன்னே இழுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே தத்துவம். குழப்பம் வராதிருக்க, விசிறியின் இறக்கையை இங்கே அலகு என்று சொல்லுவோம்.

ஓர் உதாரணக் கணக்கு. குறுக்களவு 60 அங்குலம் உள்ள ஒரு விசிறி. ஒரு சுற்றுச் சுற்றினால் 60 அங்குலம் முன்னேறும்படி அதன் சாய்வு அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முன்னேற்றத்துக்குத்தான் 'பிட்ச்' என்று பெயர். நடுவிலிருந்து 10 அங்குலத்தில் இருக்கும் பாகம் சிறிய வட்டத்தில் சுற்றுகிறது. அங்கே அலகு ஏறக்குறைய 44 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நுனியோ பெரிய வட்டம் சுற்றுகிறது. அங்கே 18 டிகிரி போதும். ஆகவே அலகு அடியிலிருந்து நுனி வரை முறுக்கிக்கொண்டே போகிறது. இந்த முறுக்கில் ஒரு டிகிரி இரண்டு டிகிரி தவறினாலும் விசிறியின் குணம் மாறிவிடும். வளைந்த விசிறியின் கதை முழுவதும் இந்த ஒரு டிகிரி இரண்டு டிகிரியைப் பற்றியதுதான்.

சண்டை போட்ட சகோதரர்கள்

அலகை வளைக்கும் யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களே வளைத்தார்கள்!

1902-ம் ஆண்டின் முடிவில் வில்பரும் ஆர்வில்லும் விசிறியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தபோது, கப்பலுக்குத்தான் எத்தனையோ காலமாக விசிறி இருக்கிறதே, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டால் போயிற்று என்று எண்ணினார்கள். புத்தகங்களைப் புரட்டினார்கள். கணக்கே இல்லை! கப்பல்காரர்கள் செய்து பார்த்து, சரியில்லாவிட்டால் மாற்றிச் செய்து காலத்தை ஓட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு சகோதரர்கள் இருவரும் தாங்களே கணக்குப் போட உட்கார்ந்தார்கள். அவர்கள் போட்ட வாக்குவாதம் பிரசித்தமானது. தொண்டை கிழியச் சண்டை போடுவார்களாம். முடிவில், ஆரம்பத்தில் இவர் சொன்னதை அவரும், அவர் சொன்னதை இவரும் தாங்கிப் பேசிக்கொண்டிருப்பார்களாம்!

அந்தச் சண்டையில் பிறந்ததுதான், விசிறி என்பது வட்டமிடும் இறக்கை என்ற உண்மை. ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் எட்டரை அடி விசிறிகள் இரண்டைச் செதுக்கினார்கள். நுனி பிளந்துவிடாமல் துணி ஒட்டினார்கள். 1903 டிசம்பர் 17-ம் தேதி அவைதான் 12 வினாடி நேரம், 120 அடி தூரம் மனிதனைத் தூக்கிக்கொண்டு போயின. எஞ்சினின் சக்தியில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் அந்த விசிறிகள் இழுப்பு விசையாக மாற்றின. இன்றைய சிறு விமானத்தில் நல்ல விசிறிக்கே 80, 85 பங்குதான். கைக்கோடரி விசிறிக்கு இது சாமான்யமான காரியமா?

அதற்குப் பின் வந்தது தொல்லை. 1905-ல் விமானம் அதிக நேரம் பறக்கத் தொடங்கியதும், விசிறி தாங்கள் கணக்கிட்டபடி நடக்கவில்லை என்று கண்டார்கள். காற்றின் அழுத்தத்தில் மர அலகு முறுக்கிக்கொள்கிறதோ என்று சந்தேகம். சுழலும் விசிறியை எட்டிப் பார்த்து அளக்க முடியுமா? ஒரு தந்திரம் செய்தார்கள். அலகின் பின் விளிம்பில் சின்னஞ்சிறு தகடுகளைப் பொருத்தி, காற்று அலகை ஒரு பக்கம் முறுக்கினால் தகடு மறுபக்கம் முறுக்கும்படி கோணம் வைத்தார்கள். அந்தத் தகடுகளுக்குச் 'சின்னக் கோமாளிகள்' என்று பொருள்படும்படி வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். கோமாளிகள் ஏறி உட்கார்ந்ததும் தொல்லை நின்றது! சந்தேகம் ருசுவாகிவிட்டது.

பிறகு தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அலகின் நுனியையே பின்னோக்கி வளைத்துச் செதுக்கினார்கள். ஏன்? அலகின் அகலத்தில் முன்பக்கத்துக் கால்வாசி இடத்தைச் சுற்றித்தான் காற்றின் விசை விழுகிறது. ஆகவே நேரான அலகின் முன் விளிம்பு மேலும் நிமிரப் பார்க்கும், சாய்வு கூடும். நுனியைப் பின்னே வளைத்துவிட்டால், நுனியில் விழும் விசை அலகின் அடித்தண்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. அது எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். தராசில் படி போட்டது போல!

ஃபோர்ட் மையரில் நடந்தது

விசிறி என்பது விளையாட்டுச் சாமான் அல்ல என்பதையும் இதே சகோதரர்களின் சரித்திரந்தான் காட்டுகிறது. 1908 செப்டம்பர் 17-ம் தேதி, வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஃபோர்ட் மையர் மைதானத்தில் ராணுவத்தாருக்கு விமானத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் ஆர்வில். பக்கத்தில் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற 26 வயது ராணுவ அதிகாரி. விமானத்தில் முன்பு இருந்ததைவிடச் சற்று நீளமான புதிய விசிறிகள். மைதானத்தைச் சில தடவை சுற்றியாயிற்று. பின்னாலிருந்து ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. ஆர்வில் திரும்பிப் பார்த்தார். சில வினாடிகளில் காரியம் மிஞ்சிவிட்டது. ஓர் அலகு நீளவாக்கில் விரிசல் கண்டிருந்தது. விரிந்த அலகு இழுக்கும் சக்தியை இழந்தது. விசிறி ஆட்டம் கொடுத்து, வால் சுக்கானைத் தாங்கும் கம்பியில் மோதி அதைப் பிய்த்தெறிந்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. ஆர்வில்லுக்குத் தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. செல்ஃப்ரிட்ஜ் அன்று இரவே இறந்துபோனார். எஞ்சின் பொருத்திய விமான விபத்தில் உலகில் முதன்முதல் உயிர் நீத்தவர் அவரே.

ஒரு மரத்துண்டில் ஒரு விரிசல், அவ்வளவுதான்.

மறு ஆண்டு, 1909 ஜூலை 25-ல், பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டி உலகைத் திடுக்கிட வைத்தார். அவருடைய விமானத்தின் மூக்கில் இருந்தது லூசியன் ஷோவியேர் என்பவர் செய்த வால்நட் மர விசிறி. மெல்லிய பலகைகளை விசிறிமடிப்புப் போல அடுக்கி ஒட்டிச் செதுக்கி, அரிவாள் வளைவு கொடுத்து மெருகேற்றியது. 25 குதிரைச் சக்தி எஞ்சினை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கடலின்மேல் பறந்து போவதற்கு அந்த விசிறி எவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும்! ஷோவியேரின் விசிறிகள் இன்று பொருட்காட்சிசாலைகளில் சிற்பங்களைப் போல வைக்கப்பட்டிருக்கின்றன. வைக்கத் தகுந்தவையே.

ஒரே கியர் உள்ள லாரி

பிறகு எஞ்சின்கள் பெருத்தன. உலோக விசிறிகள் வந்தன. அலகுகளின் சாய்வைப் பறக்கும்போதே மாற்றும் இயந்திரங்கள் 1930-களில் பரவின. வளைவு மறக்கப்பட்டது. ஆனால் வீட்டில் விமானம் செய்கிறவரின் சங்கடம் மட்டும் தீரவில்லை.

அவர் விமானத்தில் பெரும்பாலும் இருப்பது சாய்வை மாற்ற முடியாத விசிறி. ஒரே ஒரு கியர் வைத்த லாரியைக் கற்பனை செய்து பாருங்கள். மலை ஏறுவதற்குத் தகுந்த கியராக இருந்தால் சமவெளியில் எஞ்சின் வீணாக அலறும். சமவெளிக்குத் தகுந்ததாக இருந்தால் மலையில் மூச்சுத் திணறும். விமானத்திலும் அப்படியே. சாய்வு குறைந்த விசிறி விரைவில் தரையை விட்டுத் தூக்கும், ஆனால் வேகம் வராது. சாய்வு மிகுந்த விசிறி வேகம் கொடுக்கும், ஆனால் ஓடுபாதையின் கோடி வரை ஓடினாலும் விமானம் எழும்பத் தயங்கும். அங்கே மரங்கள் இருந்தால்? சாய்வு மாற்றும் விசிறி வாங்கலாமே என்றால், அதன் விலையும் எடையும் இந்தச் சிறு விமானத்துக்குக் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் அரிவாள் வளைவு திரும்பவும் பிரவேசிக்கிறது. ரைட் சகோதரர்கள் முறுக்கலைச் சரிக்கட்ட வளைத்தார்கள். இவர்கள் அதைவிடச் சற்று அதிகமாக வளைக்கிறார்கள். தரையிலிருந்து கிளம்பும்போது அலகின்மேல் பாரம் அதிகம். வளைந்த நுனி முறுக்கிச் சாய்வைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சின் சுலபமாகச் சுற்றும். மேலே போய் வேகம் பிடித்ததும் பாரம் குறையும். அலகு பழைய நிலைக்கு வந்து சாய்வு கூடும். இயந்திரம் இல்லை, எண்ணெய் இல்லை, கம்பி இல்லை. மரம் தானே கியர் மாற்றிக்கொள்கிறது! ஏழையின் கியர்ப்பெட்டி என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

கேட்க இனிமையாக இருக்கிறது. செய்து பார்ப்பதில்தான் கஷ்டம்.

கலப்பைக்கு வளைந்த மரம்

நம் ஊரில் ஏர்க் கலப்பை செய்கிற ஆசாரியார் என்ன செய்வார்? நேரான கட்டையை எடுத்து வளைவாக அறுக்க மாட்டார். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேல மரத்தைத் தேடிப் பிடிப்பார். நார் வளைவோடு ஓட வேண்டும். குறுக்கே வெட்டுப்பட்டால் கலப்பை முதல் கல்லிலேயே முறிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அரிவாள் விசிறிக்கும் இதுவே கண்டம். பலகைகளின் நார் நேராக ஓடுகிறது. அலகோ நுனியில் திரும்புகிறது. அந்த இடத்தில் நார் குறுக்கே அறுபட்டு, குட்டை நாராகிவிடுகிறது. வலிமை எங்கே மிகவும் சந்தேகமோ அங்கேதான் வேகமும் அதிகம்.

எவ்வளவு வேகம்? 60 அங்குல விசிறி நிமிஷத்துக்கு 2,700 சுற்றுச் சுற்றினால், நுனியில் உள்ள ஒவ்வொரு துணுக்கும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 6,000 மடங்கு விசையோடு வெளியே பறக்கப் பார்க்கிறது. ஒரு கொட்டைப் பாக்கு எடை, 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் அந்த 10 கிராம் 60 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு வாலிபன் நுனியில் தொங்குவதற்குச் சமம்! ஓர் அலகின் நுனி முறிந்து போனால், எதிர் அலகு தனியாக இழுக்கும் இழுப்பில் எஞ்சினே தாங்கிச் சட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போகக்கூடும். மூக்கின் பாரம் போன விமானத்தை எந்த சூரனாலும் சமாளிக்க முடியாது.

ஆகவே பர்ச், மேப்பிள் போன்ற உறுதியான மரங்களின் பலகைகளை அடுக்கி ஒட்டுகிறார்கள். நுனி வளைவின்மேல் கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்துகிறார்கள். கரி நார்த் துணி வந்த பிறகு வளைவு கொடுப்பது முன்னைவிடச் சுலபமாகியிருக்கிறது. துணியின் நாரை வேண்டிய திசையில் படுக்க வைக்கலாம் அல்லவா? ஆனாலும் முழு மரத்திலேயே செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மரத்துக்கு ஒரு பெரிய குணம் உண்டு. எஞ்சின் கொடுக்கும் உதறலை அது உள்ளுக்குள் வாங்கி அடக்கிக்கொள்ளும். உலோகமோ பல ஆயிரம் உதறல்களை ஞாபகம் வைத்திருந்து ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

செதுக்குவதில் ரகசியம் ஒன்றுமில்லை, பொறுமைதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினை விமானத்துக்குப் பூட்டுகிறவர்கள் பலர் தங்கள் விசிறியைத் தாங்களே செய்துகொண்டார்கள். எரிக் கிளட்டன் என்ற ஆங்கிலேயர் அமெச்சூர்களுக்கென்று விசிறி செதுக்கும் விதத்தைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். சில அங்குலத்துக்கு ஒரு தடவை தகட்டில் வெட்டிய அச்சை வைத்து ஒளி புகுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்துவாரத்தில் ஒரு தண்டைச் செருகிக் கத்தி முனைபோன்ற விளிம்பில் நிறுத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் இலேசான பக்கத்துக்கு இன்னொரு பூச்சு வார்னிஷ். வளைந்த விசிறியில் இதோடு முடியாது. இரண்டு அலகுகளும் எடையில் ஒத்திருந்தாலும், வளைந்து கொடுப்பதில் ஒத்திருக்குமா? மரம் இரும்பல்லவே! ஒரே பலகையின் இரண்டு கோடிகளே ஒரே குணமாக இருப்பதில்லை. ஓர் அலகு ஒரு டிகிரி முறுக்கி, மற்றது இரண்டு டிகிரி முறுக்கினால், விமானம் ஜுரம் வந்தவன் போல் நடுங்க ஆரம்பிக்கும்.

வளைவுக்குப் பலன் உண்டா?

நுனி வளைவினால் வேறொரு லாபமும் உண்டு. அது பெரிய விமானங்களின் விஷயம். விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்று அதிர்ச்சி அலைகளாக முட்டுகிறது, சக்தி வீணாகிறது, காது கிழிகிறது. நம் விமானப்படையில் பல ஆண்டுகள் பயிற்சிக்குப் பயன்பட்ட ஹார்வர்ட் விமானத்தின் உறுமலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த உறுமல் எஞ்சினுடையது மட்டுமல்ல. ஒன்பது அடி விசிறியின் நுனி ஏறக்குறைய ஒலி வேகத்தை எட்டுவதால் வந்தது. நுனியைப் பின்னே சாய்த்தால் இந்த அதிர்ச்சி தள்ளிப்போகிறது. இதனால்தான் 2011-ல் நம் விமானப்படையில் சேர்ந்த ஸி-130 ஜே சரக்கு விமானத்துக்கு ஆறு வளைந்த அலகுகள். ஐரோப்பாவின் ஏ 400 எம் விமானத்துக்கு எட்டு.

ஆனால் நமது 60 அங்குல மர விசிறியின் நுனி வேகம் என்ன? மணிக்கு 775 கிலோமீட்டர் அளவு. விமானம் முன்னே போகும் வேகத்தையும் சேர்த்தால் 810 என்று கொள்ளலாம். ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்! அங்கே அதிர்ச்சி அலைக்கு வேலையே இல்லை. ஆகவே "வேகம் கூடும், சத்தம் குறையும்" என்று சொல்லிச் சிறு விமானத்துக்கு வளைந்த விசிறி விற்கிறவரின் பேச்சில் பாதியைக் காற்றில் விட்டுவிடலாம். கணக்குப் பார்த்துச் செதுக்கிய நேரான விசிறி, கணக்கில்லாமல் வளைத்த விசிறியை எந்த நாளும் தோற்கடிக்கும். மரம் தானே கியர் மாற்றும் விஷயத்தில் மட்டும் வளைவுக்கு உண்மையான பலன் உண்டு. ஆனால் எவ்வளவு வளைத்தால் எத்தனை டிகிரி முறுக்கும் என்று முன்கூட்டித் திட்டமாகச் சொல்வது கடினம். வளைவை மிஞ்சினால் அலகு கொடிபோல் படபடக்கத் தொடங்கி, சில வினாடிகளில் சிதறும் அபாயமும் இருக்கிறது.

அமெரிக்க அரசாங்கம் இதற்காகவே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. சான்று பெற்ற எஞ்சினும் அதற்கென்று சான்று பெற்ற விசிறியும் சேர்ந்த ஜோடியானால், புதிய வீட்டு விமானத்தை வழக்கமாக 25 மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்ட வேண்டும். வீட்டில் செதுக்கிய விசிறி என்றால் 40 மணி நேரம். அதுவரை ஜன நெருக்கமுள்ள இடங்களுக்கு மேல் பறக்க அனுமதி கிடையாது.

கைதேர்ந்தவர்களுக்கே விசிறி துரோகம் செய்வதுண்டு. டிக் ரூட்டனும் ஜீனா யீகரும் 'வாயேஜர்' என்ற விமானத்தில் 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், வழியில் எண்ணெய் நிரப்பாமல் உலகையே சுற்றி வந்தார்கள். ஒன்பது நாள், 3 நிமிஷம், 44 வினாடி. அதற்கு மூன்று மாதத்துக்கு முன், செப்டம்பரில் ஒரு சோதனைப் பறப்பின்போது முன்புறத்து விசிறியின் அலகு ஒன்று கழன்று பறந்துவிட்டது! விமானமே உதறிப்போனது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்புறத்து எஞ்சினை நம்பிப் பத்திரமாக இறங்கினார்கள். பிறகு அலுமினிய விசிறிகளை மாட்டிக்கொண்டே உலகப் பிரயாணம் புறப்பட்டார்கள்.

புதிதாகச் செதுக்கிய விசிறியை முதன்முதல் ஓட்டும் நாளில் அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாலைப் பூமியில் அடித்த முளையோடு கயிற்றால் கட்டுகிறார்கள். விசிறி சுழலும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை. அலகு பறந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். சிறிது நேரம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, நுனி வளைவின் வார்னிஷில் மயிரிழை போல் ஏதாவது கோடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு நடுவிலுள்ள திருகாணிகளை மறுபடி அளந்து முடுக்குகிறார்கள். ஈரக் காற்றில் மரம் பூரித்திருக்கும். வறண்ட காற்றில் சுருங்கும். சுருங்கினால் திருகாணி தளரும். தளர்ந்த விசிறி தகட்டோடு உராய்ந்து, மரம் கருகிப்போகும். ஆகையால் பருவம் மாறும்போதெல்லாம் அந்தத் திருகாணிகளை முடுக்கிப் பார்க்கிறார்கள். தை மாதத்தில் ஒரு தடவை, ஆடிக் காற்றில் ஒரு தடவை என்று நாம் வைத்துக்கொள்வது போல, அங்கே பனி விழும்போது ஒரு தடவை, பனி உருகியபின் ஒரு தடவை.